இதர பொருள்கள்

நாச்சிமுத்துவுக்கு மௌன அஞ்சலி செலுத்த எல்லோரும் எழுந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, எப்போதும்போலக் கொஞ்சம் தாமதமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்துவும் உள்ளே வந்தார், எல்லோரும் நிற்பதைப் பார்த்தார், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டு, கையைக் கட்டித் தலையைக் குனிந்து தானும் நின்றார். மேனேஜர் பழனியப்பன் செருமியதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்துவும் பெஞ்சின் கடைசியில் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இதெல்லாம் அவர் மனைவி கலாமணி பிற்பாடு கேள்விப்பட்டது. செத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஓட மாட்டார்களா என்று கேட்பவர்கள் கொடிவேலம்பாளையம் பால் குளிரூட்டும் நிலையத்தின் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கைப் பார்த்ததில்லை. அங்கே பாதியில் எழுந்து போகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. எழுந்து போனால் பஜ்ஜி போய்விடும்.

காலைப் பால் குளிர்ந்து டேங்கர் கிளம்பியதும் மீட்டிங் ஆரம்பிக்கும். போன வாரம் பேசியதை ரைட்டர் வாசிப்பார், போன வாரம் ஒத்திப்போட்டதையெல்லாம் இந்த வாரமும் ஒத்திப்போடுவார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும் என்று ஒருவர் சொல்வார், சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார், பெரிய ஆபீஸ் சுற்றறிக்கையை மேனேஜர் வாசிக்க வாசிக்க மற்றவர்கள் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்' என்று ஒன்று வரும். அந்த நேரத்துக்குச் சரியாக மாரப்பன் கடையிலிருந்து பஜ்ஜித் தட்டு வராந்தாவில் வந்து இறங்கும். "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று பழனியப்பன் கேட்பார். அது கேள்வி இல்லை, பள்ளிக்கூடம் விடுகிற மணி. அதற்குப் பதில் சொல்வது அங்கே வழக்கமும் இல்லை, மரியாதையும் இல்லை; அவர் வாயை மூடுவதற்குள் பெஞ்சும் நாற்காலியும் கரகரவென்று நகரும்.

அதைக் கேள்வி என்று நம்பிய ஒரே ஆள் நாச்சிமுத்து. சூதுவாது தெரியாத மனுசன். பிளான்ட் ஆபரேட்டர் வேலை, தானுண்டு தன் கம்ப்ரசர் உண்டு என்று இருப்பவர். வாரந்தவறாமல் அந்த நேரத்தில் எழுந்து, "ஒண்ணே ஒண்ணுங்க. மூணாம் கம்ப்ரசருல வால்வு கசியுதுங்க. மாத்தோணுமுங்க," என்று சொல்வார். நாற்காலி நகரும் சத்தத்தில் அது யார் காதில் விழும்? விழுந்தவர்களும், வெங்காய பஜ்ஜியா வாழைக்காயா என்கிற யோசனையில் இருப்பார்கள். தான் சொல்லிவிட்ட நிம்மதியோடு அவரும் போய் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொள்வார். அப்படியே சொல்லிச் சொல்லி, ஒரு விடியற்காலையில் அந்த வால்வு பிய்த்துக்கொண்டு அமோனியா சீறியடிக்க, அதை மூடப் போனவர் மூச்சடைத்து உள்ளேயே விழுந்துவிட்டார்.

ஊரே கூடி அழுதது. பெரிய ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்து பார்த்தார்கள். பிறகு அதே வால்வை இறுக்கிக் கட்டி அதே கம்ப்ரசரை ஓட்டினார்கள். என்ன செய்ய? புது வால்வு வாங்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்கு அஜெண்டாவில் இடம் வேண்டும், அஜெண்டாவில் இடம் வேண்டுமானால் கூட்டத்தில் யாராவது எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பியவரோ செத்துப்போனார். அவர் எழுப்பியதைத் தான் எழுப்பினால் நன்றாயிருக்குமா என்று ஒவ்வொருவரும் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஆகவே அவரே வந்தார். தன் அஞ்சலிக் கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று, "ஒண்ணே ஒண்ணுங்க," என்று ஆரம்பித்தார். எல்லோரும் பழக்கதோஷத்தில் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். பஜ்ஜி தின்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். மீட்டிங் நடக்கும் நேரம்தான் இருப்பார், மீட்டிங் கலைந்தால் அவரும் இல்லை. ஊருக்குப் பழகிவிட்டது. அவருக்கென்று ஒரு டீ கூடுதலாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடலாமா என்று ரைட்டருக்குச் சந்தேகம் வந்து பெரிய ஆபீசுக்கு எழுதிக் கேட்டார், அங்கிருந்து பதில் இன்னும் வரவில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மாமியார் நகையை எங்கே புதைத்தாள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள் ஒருத்தி, வெட்டிய கிணற்றில் தண்ணீர் வருமா என்றார் ஒருவர். நாச்சிமுத்து யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கு வால்வைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று தெரிந்ததும் கேட்க வந்தவர்கள் சலித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஒன்றுதான் பழகவில்லை. அவர் வந்தால் கூடவே அமோனியா வாடையும் வந்தது. அறை முழுக்கக் கண் எரிச்சல். எல்லோரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றறிக்கை கேட்டார்கள். யார் அழுகிறார்கள், யாருக்குக் கண் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கலாமணிக்கு இது ஒன்றும் தெரியாது. அவளிடம் யார் சொல்வது என்று ஒரு மீட்டிங்கில் பேசினார்கள். முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று, அடுத்த வாரம் அதற்கடுத்த வாரத்துக்கு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் ஒருத்தியாக உலையை வைத்து, ஒருத்தியாகத் தின்று, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று இருந்த வீடு. அப்புறம் கருணை அடிப்படையில் அவளுக்கு அங்கேயே வேலை போட்டு உத்தரவு வந்தது. முதல் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அவளை எங்கே உட்காரவைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை, அவளும் காலியாக இருந்த இடம் என்று பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

பாலைச் சோதிக்கும் ரஹமத், அவளைவிட மூத்தவள், அவள் பக்கம் குனிந்தாள். "கலா, ஒண்ணு சொல்லோணும், பயப்படாத," என்று அவள் காதில் ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்தது. கண் எரிந்தது. காக்கிச் சட்டையில், மேல் பட்டன் இல்லாமல், நாச்சிமுத்து வந்து பெஞ்சின் ஓரத்தில் நின்றார். தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்ததால் அப்படியே நின்றார்.

கலாமணி கத்தவில்லை. அந்தப் பட்டனைத் தைத்துத் தருகிறேன் என்று அவள்தான் அவர் போவதற்கு முந்தின ராத்திரி சொல்லியிருந்தாள், விடிந்தால் தைக்கலாம் என்று விட்டுவிட்டாள். அவள் மெதுவாக நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். "ஏனுங்க," என்றாள் கலாமணி. நாச்சிமுத்து மேனேஜரைப் பார்த்தபடியே, மீட்டிங் நடக்கிறது என்பதுபோலக் கையை மட்டும் லேசாகக் காட்டினார். அவர் எப்போதுமே அப்படித்தான், ஆபீஸ் வேறு வீடு வேறு என்று இருக்கிற ஆள். அன்றைக்கு அந்த அறையில் எல்லோரும் அழுதார்கள், நிஜமாகவே அழுதார்கள். மூன்றாம் கம்ப்ரசர் வால்வைப் பற்றி அவர் சொன்னதையும் சொல்லி முடித்ததும் இல்லாமல் போனதையும் கலாமணி பார்த்தாள். பஜ்ஜி தின்ன அவள் போகவில்லை.

அதிலிருந்து அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். புதன்கிழமையே அடுத்த செவ்வாயை எண்ண ஆரம்பித்துவிடுவாள். செவ்வாய் காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பால் கேனெல்லாம் கழுவி முடித்துவிட்டு, முதல் ஆளாகப் போய் பெஞ்சில் பாதி இடம் விட்டு உட்காருவாள். சுற்றறிக்கை ஒருபக்கம் ஓட, இவள் ஒருபக்கம் அடிக்குரலில் அவருக்கு அந்த வாரத்துச் சேதியெல்லாம் சொல்வாள்: பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி நம் வாசலில் வந்தே படுத்துக்கொள்கிறது, கொல்லைக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது, உங்கள் அக்கா வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள், எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. அவர் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். "இருக்கறாரே, அதே போதுமுங்க்கா," என்பாள் ரஹமத்திடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாரப்பன் கடையில் எண்ணெய் காயத் தாமதம், பஜ்ஜி வரவில்லை. "வேற ஏதாச்சும்" என்று கேட்டுவிட்டு எழுந்திருக்க முகாந்திரம் இல்லாமல் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து எழுந்து சொன்னார். முதல்முறையாக அது மேனேஜர் காதில் விழுந்தது. "ஆமா, அது ஒண்ணு கெடக்குதில்ல," என்று பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், நாச்சிமுத்து வெளிற ஆரம்பித்தார். சட்டை வெளிறியது, கை வெளிறியது, அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி அவர் நெஞ்சு வழியாகவே தெரிந்தது. கலாமணி எட்டி மேசையிலிருந்த டீயைத் தட்டிவிட்டாள். டீ பேப்பரெல்லாம் ஓட, துணி எங்கே துணி எங்கே என்று எல்லோரும் பரபரக்க, பேனா மூடியாயிற்று. நாச்சிமுத்துவுக்கு நிறம் திரும்பியது.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர் கேட்டது நடந்துவிட்டால் அவர் வரமாட்டார். மீட்டிங் நீள்கிற வரைக்கும் அவர் இருப்பார். பாவம் அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது என்று ஆளாளுக்கு மீட்டிங்கை இழுக்க ஆரம்பித்தார்கள். ரைட்டர் போன வாரத்து நடவடிக்கையை எழுத்துக்கூட்டி வாசித்தார். ரஹமத் சோதனைக் குழாயைக் கழுவுவது பற்றி ஆரம்பித்து, தன் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோன கதையில் கொண்டுபோய் நிறுத்தினாள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடா, தகரமா, கீற்றா என்று மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். பால் ஊற்ற வந்த பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தபடி கேட்டார்கள், பொழுதாகி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமானாலும், "கலாமணி மீட்டிங்கு, எப்பிடி உடனே முடியும்?" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அந்த மாதிரி அன்பான மீட்டிங் அந்தப் பக்கத்தில் வேறு எங்கேயும் நடந்திருக்காது. அந்த மாதிரி உருப்படாத மீட்டிங்கும் நடந்திருக்காது.

எல்லோரையும்விட நன்றாக இழுத்தவன் சந்திரகுமார். நாச்சிமுத்துவுக்குப் பதிலாக கம்ப்ரசர் ரூமுக்குப் போட்ட ஆள், வயது முப்பதுக்குள், வாயாடி. மூக்கோடு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கசிகிற வால்வின் பக்கத்தில்தான் நாள் முழுக்க நிற்பான். மீட்டிங்குக்குக் கண் சிவந்து வந்து உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ் நாய்க்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மணி நேரம் பேசுவான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வால்வு மாறிவிடும். அவன் சொல்லவில்லை. "அண்ணன் பாட்டுக்கு வந்துட்டுப் போறாரு, நமக்கென்னங்க்கா கொறஞ்சுபோச்சு," என்று இருமிக்கொண்டே சிரிப்பான். அந்த இருமலைக் கலாமணி கேட்டாள். கேட்டுக்கொண்டே அடுத்த செவ்வாய்க்குக் காத்திருந்தாள்.

பழனியப்பன் ரிட்டையராகி, தீபன் என்று புது மேனேஜர் வந்தார். சின்ன வயது, பயிற்சி வகுப்பெல்லாம் போய் வந்தவர். வந்த முதல் செவ்வாய்க்கிழமையே பெஞ்சையெல்லாம் வராந்தாவில் போடச் சொன்னார். "நின்னுக்கிட்டே பேசலாம். உக்காந்தாத்தான் பேச்சு நீளுது," என்றார். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். அவர் எல்லோரையும் பார்த்து, "இந்த மீட்டிங் எதுக்கு? இதோட நோக்கம் என்ன? யாராவது சொல்லுங்க," என்றார். ரைட்டர் மோட்டுவளையைப் பார்த்தார். போன மீட்டிங்கில் பேசியதைப் பேசத்தான் என்றாள் ரஹமத். பஜ்ஜி என்று யாரோ முனகினார்கள். கலாமணிக்கு மட்டும் பதில் தெரியும்.

கதவு திறந்து நாச்சிமுத்து வந்தார். வட்டத்தில் கலாமணிக்குப் பக்கத்தில் நின்றார். கல்யாண மேடைக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர்கள் இருவரும் அப்படி ஒட்டி நின்றதே இல்லை. தீபன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்க எந்தப் பிரிவுங்க?" என்றார்.

"அவரு இறந்துட்டாருங்க சார்," என்றான் சந்திரகுமார். "மீட்டிங்குக்கு மட்டும் தவறாம வந்துருவாருங்க."

"நல்ல பழக்கம்," என்று சொல்லிவிட்டு தீபன் போர்டில் எழுதினார்: முடிவு, ஆள், தேதி. எந்த விஷயமானாலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள், முடிக்க ஒரு தேதி, மூன்றும் இல்லாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. தொட்டிக்கு மூடி, ரைட்டர் பொறுப்பு, வெள்ளிக்கிழமை. சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தகரம், அடுத்த மாதம் முதல் தேதி. வருடக்கணக்காகக் கிடந்ததெல்லாம் மடமடவென்று தீர்ந்தது, எல்லோருக்கும் ஒருபக்கம் ஆச்சரியம், ஒருபக்கம் கலாமணியைப் பார்க்கச் சங்கடம். அரை மணி ஆனதும் மேனேஜரின் போனில் மணியடித்தது, கூட்டம் முடிந்தது என்றார். "வேற ஏதாச்சும்" என்று அவர் கேட்கவே இல்லை. சொல்ல வாயெடுத்த நாச்சிமுத்து, திறந்த வாய் திறந்தபடியே இல்லாமல் போனார்.

கலாமணிக்குத் தாங்கவில்லை. கிடைத்த நேரமும் போச்சு, அந்தக் குரலும் போச்சு. மறுநாள் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றாள். "சார், மீட்டிங்க சித்த நீட்டுங்க சார். எங்க வீட்டுக்காரரப் பாக்க எனக்கு அந்த நேரந்தானுங்க இருக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். தீபன் கல்மனசுக்காரர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"உங்களுக்காகக் கொஞ்ச நேரம் சேர்த்துத் தர்றேன். அவர் கடைசியில ஏதோ சொல்ல வந்தாரே, என்ன அது? ஏதாவது நான் கவனிக்க வேண்டிய விஷயமா?"

கலாமணிக்குக் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்திலிருந்து சந்திரகுமாரின் இருமலும் கேட்டது. சொல்லிவிட்டால் இந்த மனுசன் போர்டில் மூன்று வார்த்தை எழுதி முடித்துவிடுவார், அப்புறம் செவ்வாயும் புதன் மாதிரி, புதனும் வியாழன் மாதிரி, எல்லாம் ஒரே மாதிரி.

"ஒண்ணுமில்லீங்க சார்," என்றாள். "அது பழைய பேச்சு. அப்பவே முடிஞ்சுபோச்சுங்க."

அந்த வாரம் சனிக்கிழமை, காலைப் பால் உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோது, கட்டி வைத்திருந்த வால்வு மறுபடி பிய்த்துக்கொண்டது. சந்திரகுமார் தவழ்ந்து வெளியே வந்துவிட்டான். உயிருக்கு மோசமில்லை என்றார்கள். கண்தான் என்று சொல்லிவிட்டு மேலே சொல்லாமல் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கலாமணி கட்டிலோரம் போய் நின்றாள். காலடிச் சத்தமோ மூச்சோ எதை வைத்தோ அடையாளம் கண்டுகொண்டு, "கலாக்காளா?" என்றான்.

"ஆமா தம்பி."

"அழுவாதீங்க்கா. அடுத்த செவ்வாய்க்கு அருமையான விசயம் கெடச்சிருக்குது. என்ற கண்ணப் பத்தி ஆரம்பிச்சா எந்த மேனேஜரானாலும் ஒரு மணி நேரம் நகர முடியாது. அண்ணன் நல்லா உக்காந்து... இல்ல, நின்னுட்டுப் போகட்டும்."

அவன் மனைவி சுகன்யா வாசல்வரை கூட வந்தாள். கல்யாணமாகி இன்னும் வருடம் திரும்பாத பெண். அழுது ஓய்ந்த முகம். கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, யோசித்து யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோல, "அக்கா, அவுங்களுக்குக் கண்ணு வராம போச்சுன்னா, உங்களுக்குக் குடுத்தாப்புல எனக்கும் அங்கயே வேல போட்டுக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

கலாமணி கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். நான் என்ன காரியம் செய்துவிட்டேன், நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. செத்தவரை நிறுத்திவைக்க ஒரு உயிருள்ளவனை அல்லவா பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் தலைக்குக் குளிக்கவில்லை. வேலைச் சேலையிலேயே போய் வட்டத்தில் நின்றாள். இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்த மூன்றாம் கம்ப்ரசர் மறுபடி கட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தது. தீபன் கணக்கில் அது ஒரு விபத்து, அறிக்கை அனுப்பியாயிற்று, ஆபரேட்டர் கவனக்குறைவு என்று பெரிய ஆபீசிலிருந்து பதிலும் வந்தாயிற்று. நாச்சிமுத்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். மேனேஜர் பேச வாயெடுப்பதற்குள் கலாமணி, "சார், உங்ககிட்ட நான் பொய் சொன்னனுங்க," என்றாள்.

ரஹமத்துக்குப் புரிந்துவிட்டது. "கலா, சித்த இரு, சோதனைக் குழாயப் பத்தி ஒண்ணு," என்று அவசரமாக ஆரம்பித்தாள்.

"வேண்டாமுங்க்கா. எனக்காக இழுத்ததெல்லாம் போதும்."

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க," என்றாள். அவர் மேனேஜரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். இதர பொருள்கள் இன்னும் வரவில்லை, முறை வராமல் பேச அவருக்குத் தெரியாது. ஆகவே அவளே சொன்னாள். அந்த ஆள் வாரம் வாரம் சொன்ன அதே வார்த்தை, அதே பணிவு: "ஒண்ணே ஒண்ணுங்க. மூணாம் கம்ப்ரசருல வால்வு கசியுதுங்க. மாத்தோணுமுங்க." கேட்டதும் பழக்கதோஷத்தில் எல்லோருடைய காலும் வாசல் பக்கம் நகர்ந்தது. போன வாரம் சீக்கிரம் முடிந்ததால் இந்த வாரம் முன்னதாகவே வந்த பஜ்ஜி வேறு வராந்தாவில் மணத்தது. கலாமணி குறுக்கே போய்க் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள். "யாரும் போகாதீங்க. இத மட்டும் கேட்டுட்டுப் போங்க," என்றாள். யாரும் போகவில்லை. அந்த நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து, பஜ்ஜி ஆறிப்போனது அன்றைக்குத்தான்.

எல்லாவற்றையும் கேட்டபின் தீபன் போர்டைத் துடைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்தார். "முடிவு, வால்வை மாத்தறது. பொறுப்பு யாரு?"

"நானுங்க. கோயம்புத்தூரு போயி வாங்கி, மாட்டறதுக்கு பிட்டரையும் கூட்டிட்டு வந்தர்றனுங்க."

"தேதி?"

நாச்சிமுத்து வெளிற ஆரம்பித்திருந்தார். அடுத்த செவ்வாய் என்று சொல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இன்னும் ஒரு செவ்வாய் கிடைக்கும், அந்த ஒரு செவ்வாயில் குழாயைச் சரிபண்ணிய கதையைச் சொல்லலாம், அந்தப் பட்டனையாவது கையோடு தைத்துவிடலாம், ஒன்றும் வேண்டாம், சும்மா பக்கத்தில் நிற்கலாம், அந்தத் தோள் இந்தத் தோளில் பட்டும் படாமலும் கடைசியாக ஒரு தரம் நிற்கலாம். சுகன்யா கேட்ட கேள்வி காதில் கேட்டது.

"இன்னைக்கேங்க," என்றாள்.

நாச்சிமுத்து திரும்பினார். வந்த நாளாக மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்த ஆள், முதல் தடவையாக அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். கலா என்று கூப்பிடப்போகிறார் என்று அவள் உடம்பெல்லாம் காதாக நின்றாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார். "இத்தன நாளா சொல்லீட்டே இருந்தனுங்க. நீங்க ஒருத்தருதான் காதுல வாங்குனீங்க."

கன்றுக்குட்டி, குழாய், தூக்கம் வராத ராத்திரி, எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தது பெண்டாட்டி என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தானுங்க, என்னத் தெரியலீங்களா என்று அலறத்தான் அவளுக்கு வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தாள். வேலை முடிந்த மனுசனின் நிம்மதி. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"சரிங்க," என்றாள், ஒரு மேடம் சொல்வதுபோலவே. "நான் பாத்துக்கறனுங்க. நீங்க கெளம்புங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் கோயம்புத்தூரில், பிட்டர் வழிகாட்டிய கடையில், கலாமணி கழற்றி எடுத்துவந்த பழைய வால்வைக் காட்டி இதுபோல வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் ஏணிகூடப் போடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, பக்கத்து அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்ன சாமான்.

"இதேதானுங்களா?" என்றாள்.

"இதேதாம்மா. எப்பக் கேட்டாலும் குடுப்போம். நம்ம கடையில இது இல்லாத நாளே கெடையாது."

கலாமணி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கடை வாசல் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிட்டர் வந்து கூப்பிடுகிறவரை அழுதாள்.